பிறந்த குழந்தையின் நெஞ்சில் ஸ்கேன் வைத்தது தவறா?

தென்மாவட்டச் சிறுநகர் ஒன்றிலிருந்து 27 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதால் 36 வாரம் 4 நாளில், வலி வருவதற்கு முன்பே, சிசேரியன் செய்திருக்கிறார்கள். ஆண் குழந்தை, 2 கிலோ 550 கிராம். பிறந்ததும் நன்றாக அழுதவன், ஒரு மணி நேரத்துக்குள் வேகமாக மூச்சு வாங்கி முனக ஆரம்பித்திருக்கிறான். பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாவது மணி நேரத்தில் குழந்தை மருத்துவரே ஸ்கேன் கருவியை நெஞ்சில் வைத்துப் பார்த்து, "நுரையீரலில் தண்ணீர் இன்னும் வற்றவில்லை, பொறுத்திருப்போம்" என்றிருக்கிறார். மூக்கில் சிறு குழாய் வைத்துக் காற்றழுத்தம் கொடுத்தார்கள். ஆக்சிஜன் தேவை சற்றுக் கூடியதால் அன்றிரவு ஓர் எக்ஸ்ரே. மறுநாள் காலையிலும் மூன்றாம் நாளும் மீண்டும் ஸ்கேன். மூன்றாம் நாள் ஆக்சிஜன் நிறுத்தப்பட்டது. ஆறாம் நாள் வீடு திரும்பினார்கள்.

பிரச்சினை வீட்டில்தான் தொடங்கியிருக்கிறது. பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் கணவரின் அண்ணன், "காற்று இருக்கும் இடத்தில் ஸ்கேன் வேலை செய்யாது, முதலிலேயே எக்ஸ்ரே எடுத்திருக்க வேண்டும், குழந்தைப் பிரிவில் ஸ்கேன் கருவி வைத்திருப்பதே சட்டவிரோதம், நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார். டிஸ்சார்ஜ் தாளில் நுரையீரல் மதிப்பெண் 8/18 என்று இருப்பது அவருக்குத் தோல்வி மதிப்பெண்ணாகப் படுகிறது. "மூன்று முறை கதிர் பாய்ச்சிவிட்டார்கள்" என்பது மாமியாரின் கவலை. கர்ப்ப காலத்தில் மருமகள் குடித்த இளநீரும் ஐஸ் தண்ணீரும்தான் குழந்தையின் நெஞ்சில் சளியாக இறங்கின என்றும் சொல்கிறார். குழந்தைக்கு இப்போது 43 நாள். இரவில் 'கர் கர்' என்று சத்தம் வருகிறது. இன்னொரு ஸ்கேன் எடுக்கலாமா, தடுப்பூசியைத் தள்ளிப்போடலாமா, நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மருத்துவக் கேள்விகள் பல இருந்தாலும், கடைசிப் பக்கத்தில் அடித்து அடித்து எழுதியிருக்கும் அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். "நான் குடித்த தண்ணீரால்தான் என் பிள்ளைக்கு மூச்சு முட்டியதா?" இல்லை. உங்கள் வயிற்றுக்குள் போன இளநீருக்கும் உங்கள் மகனின் நுரையீரலில் இருந்த நீருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கருவில் இருக்கும் எல்லாக் குழந்தைகளின் நுரையீரலிலும் நீர் நிறைந்திருக்கும். அதை நுரையீரலே சுரக்கிறது. அந்த நீர் இருந்தால்தான் நுரையீரல் விரிந்து வளரும். பிரசவ வலி தொடங்கும்போது தாயின் உடலிலும் குழந்தையின் உடலிலும் சில ஹார்மோன்கள் பெருக்கெடுக்கின்றன. அதுவரை நீரைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல், அந்தச் செய்தி கிடைத்ததும் உறிஞ்ச ஆரம்பிக்கிறது. வலி வருமுன்பே, அதுவும் மாதம் முழுமையாவதற்கு முன்பே பிறக்கும் குழந்தைக்கு அந்தச் செய்தி முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. நீர் வற்றுவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது. அது வற்றும்வரை குழந்தை நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கும். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்தில் சரியாகிவிடும். உங்கள் மகன் மூன்றாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் மூச்சுவிட்டது இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது.

இது சளியும் அல்ல. யார் தவறும் அல்ல. உங்கள் ரத்த அழுத்தத்தை வைத்துக்கொண்டு வலி வரும்வரை காத்திருந்தால் உங்கள் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து வந்திருக்கலாம். சிசேரியன் செய்தவர்கள் மீதும் உங்கள் மனத்தில் குறை இருந்தால், தயவுசெய்து அதை இறக்கி வைத்துவிடுங்கள்.

காற்றுக்குள் ஸ்கேன் எப்படிப் பார்க்கிறது?

உங்கள் கணவரின் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒலியலை காற்றில் பட்டால் திரும்பி வந்துவிடும், ஊடுருவிப் போகாது. அதனால்தான் நுரையீரலை ஸ்கேனில் பார்க்க முடியாது என்று நாங்களும் மாணவர்களாக இருந்தபோது படித்தோம். பிரான்ஸைச் சேர்ந்த தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் 1990-களில் இந்த எண்ணத்தைத் தலைகீழாகத் திருப்பினார். காற்று ஒலியைத் திருப்பி அனுப்புகிறது என்றால், திரும்பி வரும் விதத்தைப் படித்தே உள்ளே காற்று இருக்கிறதா, நீர் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லலாமே என்பதுதான் அவர் பிடித்த நுனி.

திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன். மேலே இரு பக்கமும் விலா எலும்பின் நிழல், நடுவில் பளிச்சென்ற வெள்ளைக் கோடு. புதிதாகக் கற்க வரும் மருத்துவர்களுக்கு, "வௌவால் சிறகை விரித்தது போல் தெரிகிறதா, பாருங்கள்" என்று காட்டிக் கொடுப்போம். அந்த வெள்ளைக் கோடுதான் நுரையீரலின் உறை. குழந்தை மூச்சுவிடும்போது அது இப்படியும் அப்படியும் மெல்ல வழுக்கும். நுரையீரலில் காற்று நன்றாக நிறைந்திருந்தால், அந்தக் கோட்டின் எதிரொலிகள் கீழே சம இடைவெளியில் படிக்கட்டு போலப் படுத்திருக்கும். நீர் கலந்திருந்தால் படிக்கட்டு மறைந்து, கோட்டிலிருந்து திரையின் அடிவரை வெள்ளைக் கீற்றுகள் மழைத்தாரை போல இறங்கும். டிஸ்சார்ஜ் தாளில் 'பி கோடுகள்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்களே, அவை இந்தக் கீற்றுகள்தாம். பிறந்த குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெல்லியது. தீப்பெட்டி அகலமுள்ள சிறிய கருவியை வைத்தாலே இவை தெளிவாகத் தெரிந்துவிடும்.

உங்கள் மகனைப் பார்த்த மருத்துவருக்கு அந்த இரண்டாவது மணி நேரத்தில் ஒரு முக்கியமான கேள்வி இருந்திருக்கும். இது வெறும் நீர்தானா, அல்லது சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறையா? சர்ஃபாக்டன்ட் என்பது நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள். குறைமாதக் குழந்தைகளிடம் அது போதுமான அளவு இருக்காது. 1963 ஆகஸ்ட் 7 அன்று, பிரசவத் தேதிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இந்தக் குறையால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1959-இல், அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் மருந்து இல்லை. ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா பசுவின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துக் காட்டியது 1980-இல்தான். இன்று அந்த மருந்து நம்மிடம் இருக்கிறது. அதை மூச்சுக்குழாய்க்குள் செலுத்த வேண்டும், விலையும் அதிகம். தேவைப்படும் குழந்தைக்குச் சீக்கிரம் கொடுக்க வேண்டும், தேவையில்லாத குழந்தையின் தொண்டைக்குள் குழாயை விடக்கூடாது.

முதல் சில மணி நேரத்தில் எக்ஸ்ரே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டத் தடுமாறும். ஸ்கேனில் வேறுபாடு பெரும்பாலும் தெரியும். சர்ஃபாக்டன்ட் இல்லாத நுரையீரல் இரு பக்கமும் ஒரே வெள்ளையாக இருக்கும், உறைக்கோடு தடித்துச் சிதைந்திருக்கும், அதன் அடியில் சிறு சிறு கறுப்புத் திட்டுகள் தெரியும். வெறும் நீராக இருந்தால் கோடு மெல்லியதாகவே இருக்கும். சில குழந்தைகளுக்கு நெஞ்சின் மேல்பாதி ஓரளவு காய்ந்தும் கீழ்ப்பாதி ஈரமாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் எல்லையை இத்தாலிய மருத்துவர்கள் கோப்பெட்டியும் கட்டரோஸியும் 2007-இல் விவரித்தார்கள். எல்லாக் குழந்தையிடமும் அந்த எல்லை தெரிவதில்லை என்பது பிறகு புரிந்தது. அதனால் ஒற்றை அடையாளத்தை வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை.

நீங்கள் படங்களை அனுப்பவில்லை. ஆகவே "சரியாகத்தான் பார்த்தார்" என்று நான் சான்றிதழ் தர முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, அதாவது சீக்கிரமே ஸ்கேன், காற்றழுத்தம், தேவை கூடியபோது தயங்காமல் ஓர் எக்ஸ்ரே, பிறகு முன்னேற்றத்தைப் பார்க்க மீண்டும் ஸ்கேன், என் பிரிவில் நான் செய்திருக்கக்கூடிய வரிசைதான். இதைக் கதிரியக்க நிபுணர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற குழந்தை மருத்துவர் படுக்கையருகே செய்வதற்கு 2020-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன.

8/18 தோல்வி மதிப்பெண் அல்ல

அண்ணன் இதைப் பரீட்சைத் தாள் போலப் படித்துவிட்டார். இங்கே கணக்கு நேர்மாறானது. நெஞ்சை ஒரு பக்கத்துக்கு மூன்றாக, மொத்தம் ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போடுகிறோம். 0 என்றால் காற்று நிறைந்த நல்ல நுரையீரல். 3 என்றால் அந்த இடத்தில் காற்றே இல்லாமல் கெட்டிப்பட்டிருக்கிறது என்று பொருள். 18 என்பதுதான் பயப்பட வேண்டிய எண். உங்கள் மகனுக்கு முதலில் 8, மறுநாள் 5, மூன்றாம் நாள் 1. நீர் வற்றிக்கொண்டே போனதை அந்த மூன்று எண்களும் சொல்கின்றன.

கதிர்வீச்சு

மாமியாரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் 'ஸ்கேன்' என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு கருவிகளை அடைத்து வைத்திருக்கிறோம். சிடி ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, எக்ஸ்ரேயை விடப் பன்மடங்கு அதிகம். உங்கள் மகனுக்கு வைத்தது அல்ட்ராசவுண்டு, நம் காதுக்கு எட்டாத ஒலி. நீங்கள் கர்ப்பமாக இருந்தபோது உங்கள் வயிற்றில் வைத்தார்களே, அதே வகை. அதில் கதிர்வீச்சு அறவே இல்லை. மாமியாரிடம், "வயிற்றில் இருந்தபோது எத்தனை முறை வைத்தார்கள், அதேதான்" என்று சொல்லிப் பாருங்கள்.

எடுத்த ஒரே ஓர் எக்ஸ்ரேயை நினைத்தும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த குழந்தையின் நெஞ்சு எக்ஸ்ரேயில் படும் கதிர், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் எல்லோர் மீதும் இயல்பாகவே சில நாட்களில் படும் அளவுதான். வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒரு கிலோக் குழந்தைக்குப் பல எக்ஸ்ரேக்கள் தேவைப்படும். அங்கே ஒவ்வொன்றையும் குறைப்பது பொருளுள்ளது, ஸ்கேன் அதற்குக் கைகொடுக்கிறது.

அதற்காக ஸ்கேனில் கவலையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குளிர்ந்த ஜெல்லைத் தடவினால் குழந்தையின் உடல் சூடு இறங்கும். கருவியைச் சரியாகத் துடைக்காவிட்டால் ஒரு குழந்தையின் கிருமி இன்னொரு குழந்தைக்குப் போகும். கருவியின் சக்தியைக் குறைவாக வைத்து, தேவையான நேரம் மட்டும் பார்க்க வேண்டும். மறுநாள் நீங்கள் சக்கர நாற்காலியில் போய்ப் பார்த்தபோது நர்ஸ் ஜெல் பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்திருந்ததாகவும், அது எதற்கென்று புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குத்தான். அந்தப் பிரிவில் வேலை தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

இன்னொன்று, ஸ்கேனுக்குத் தெரியாத இடங்களும் உண்டு. உறையைத் தொடாமல் நுரையீரலின் நடுவில் இருக்கும் கோளாறு அதற்குத் தெரியாது. காற்று அளவுக்கு மீறி நிரம்பி நுரையீரல் உப்பியிருப்பதையும் அதில் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது. பார்ப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தே விடையும் அமையும். அதனால்தான் சந்தேகம் வந்தபோது உங்கள் மருத்துவர் எக்ஸ்ரேயைக் கேட்டிருக்கிறார். ஸ்கேனை நம்பி எக்ஸ்ரேயைக் கைவிட்டவர் அல்ல அவர்.

ஸ்கேன் எங்கே உயிர் காக்கிறது என்பதற்கு ஓர் இரவு எனக்கு மறக்காது. அதிகாலை மூன்று மணி, செயற்கைச் சுவாசத்தில் இருந்த குழந்தை திடீரென நீலம் பாய்ந்தது. எக்ஸ்ரே கருவியை வேறொரு தளத்திலிருந்து தள்ளி வர வேண்டும். ஸ்கேனை வைத்தேன். இடப்பக்கம் அந்த வெள்ளைக் கோடு அசையவே இல்லை. அசையாமல் கிடந்தால், கீற்றும் ஒன்றுகூட இல்லையென்றால், நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்து அதை அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதயத் துடிப்பும் இறங்கிக்கொண்டிருந்தது. ஊசி போட்டுக் காற்றை உறிஞ்சினோம். எக்ஸ்ரே கருவி வந்து சேர்ந்தபோது குழந்தையின் நீலம் மறைந்து உடல் சிவந்திருந்தது.

புகார் கொடுக்கலாமா?

குழந்தைப் பிரிவில் ஸ்கேன் கருவி வைத்திருப்பது சட்டவிரோதம் அல்ல. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்டு கருவி வைத்திருக்கும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், சான்றிதழைப் பார்வையில் மாட்டியிருக்க வேண்டும். அண்ணன் கேள்விப்பட்டது இதுவாக இருக்கும். சந்தேகம் இருந்தால் சான்றிதழை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

கவனக்குறைவு என்று நிரூபிக்க, மற்றொரு திறமையான மருத்துவர் அந்த நிலையில் செய்யக் கூடாததைச் செய்திருக்க வேண்டும், அதனால் கேடும் விளைந்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இரண்டும் இல்லை. நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் குறை ஒன்று நியாயமானது. கண்ணாடிக்கு வெளியே நின்ற உங்கள் கணவரிடம் ஒருவரும் வந்து, "இதை எதற்காக வைக்கிறோம்" என்று இரண்டு நிமிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். திரையைப் பெற்றோர் பக்கம் திருப்பி, "இந்தக் கீற்றுகள் நேற்று இத்தனை, இன்று இத்தனை" என்று காட்டினால் எந்தப் பெற்றோருக்கும் புரியும். உங்கள் வீட்டில் இந்த ஒன்றரை மாதச் சண்டையே நடந்திருக்காது.

இப்போது செய்யக்கூடியது இது. சிகிச்சை ஆவணங்களை எழுத்து மூலம் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். மூன்று ஸ்கேன்களின் படங்கள், இருந்தால் வீடியோத் துணுக்குகள், எக்ஸ்ரே, நர்ஸ்கள் மணிக்கு மணி எழுதிய மூச்சு, ஆக்சிஜன் குறிப்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டே கேளுங்கள். கடைசியாகச் சொன்ன அந்தத் தாள்தான் பல நேரம் படங்களைவிட அதிகம் பேசும். அவற்றை எடுத்துக்கொண்டு வேறொரு பச்சிளங்குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். கணவரின் அண்ணனையும் கூட அழைத்துப் போங்கள். அவர் கேட்பது குழந்தை மேல் உள்ள அக்கறையால்தான்.

இரவில் வரும் 'கர் கர்'

இதற்கு ஸ்கேனும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம் என்றே நினைக்கிறேன். நன்றாகப் பால் குடிக்கிறான், எடை 3 கிலோ 700 கிராம் ஆகிவிட்டது, காய்ச்சல் இல்லை என்கிறீர்கள். இந்த வயதில் குழந்தைகள் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். அந்தச் சின்ன மூக்குத் துவாரத்தில் துளி ஈரம் தேங்கினாலே சத்தம் வரும். முதுகில் கை வைத்தால் அதிர்வும் தெரியும். அதைத் தொட்டுப் பார்த்துத்தான் 'நெஞ்சுச் சளி' என்கிறோம். பால் கொடுக்கும் முன் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு மருந்து ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள், போதும்.

குளிப்பாட்ட வரும் பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதி எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் எனக்குக் கவலை தந்த இடம் இது ஒன்றுதான். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவாகும், எளிதில் கரையாது. ஊதும்போது பெரியவர்கள் வாயிலுள்ள கிருமியும் உள்ளே போகும். இன்றோடு நிறுத்துங்கள். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, மூக்கு, காது, வாய் மூன்றையும் விட்டுவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், ஏனென்றால் இந்த வயதில் மூச்சு சீராக இருக்காது, சில நொடி நின்று பிறகு வேகமாக வரும். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தாலும், விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலும், முனகினாலும், பால் குடிக்க மறுத்தாலும், காய்ச்சல் அடித்தாலும், உடல் சில்லிட்டாலும், உதடு நீலமானாலும் இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெரியவனானதும் வீசிங் வருமா என்று கேட்டீர்கள். இப்படிப் பிறந்த குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் இளைப்பு சற்றுக் கூடுதலாக வருவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. வீட்டில் யாரும் புகைபிடிக்காமல் பார்த்துக்கொள்வதும், தாய்ப்பாலைத் தொடர்வதும் உங்கள் கையில் இருக்கின்றன.

தடுப்பூசியைத் தள்ளிப்போடவே வேண்டாம். "நுரையீரல் தேறட்டும், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்கிறார்கள் வீட்டில். ஒன்றரை மாதத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசி கக்குவான் இருமலிலிருந்தும், கூடவே போடும் நியூமோகாக்கல் ஊசி நிமோனியாவின் முக்கியக் காரணங்களுள் ஒன்றிலிருந்தும் காக்கின்றன. மூச்சுக்குச் சிரமப்பட்டுப் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு தள்ளிப்போகக் கூடாது. குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் பிறந்த தேதியிலிருந்துதான் நாளை எண்ண வேண்டும், பிரசவத் தேதியிலிருந்து அல்ல. 42-ஆம் நாளே தாண்டிவிட்டது. அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு, இந்த வாரமே எடுத்துப் போங்கள். டிஸ்சார்ஜ் தாளையும் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.